பன்னிரண்டாவது நெற்றி

மற்ற ஊர்களில் தோல் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தலை கிடைக்காது. திருப்பதியில் தலைக்குப் பஞ்சமில்லை. டாக்டர் ஹேமநாத் தன் ஆராய்ச்சியையே இதை நம்பித்தான் ஆரம்பித்தார். உச்சந்தலை ஐம்பது வருஷம் முடிக்குள் நிழலில் கிடந்த தோல். நெற்றி ஐம்பது வருஷம் வெயிலில் வெந்த தோல். மொட்டை போட்ட அன்றே ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும், தோல் கெட்ட அளவை எண்ணாகக் காட்டும் மெஷினை வைத்துப் பார்த்தால், தோலை வயசு எவ்வளவு கெடுத்தது, வெயில் எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். காகிதத்தில் திட்டம் ஜோராக இருந்தது. காகிதத்தில் எந்தச் சரக்கும் அழுகுவதில்லை.

தலைகளைப் பிடித்து வரும் வேலை தரணிக்கு. புத்தூர்க்காரி, ஹேமநாத்திடம் ஆராய்ச்சி உதவியாளர். ஐம்பது தாண்டிய, தலைக்கு டை அடிக்காத ஆண்கள் பன்னிரண்டு பேர், பெண்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆண்கள் இரண்டே மாதத்தில் முடிந்தார்கள். பெண்கள்தான் இழுத்தடித்தார்கள். மலையில் கத்தி எடுத்த கை காய்வதற்குள் சந்தனக் கிண்ணம் வந்துவிடும். சந்தனம் பட்ட மண்டையில் மெஷின் வாய்க்கு வந்ததைச் சொல்லும். எட்டு மாதம் அலைந்து பதினோரு பெண்கள்தான் தேறினார்கள். வாடகைக்கு வந்த மெஷின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைக்குத் திரும்பிப் போகிறது. பன்னிரண்டு நிறைந்தால்தான் கட்டுரை; கட்டுரையில் பெயர் வந்தால்தான் தரணிக்கு பிஎச்.டி. இடம்.

கடைசி ஆளை அவள் போன வாரம் சித்தூர் மார்க்கெட்டில் பிடித்தாள். பொன்னியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷமாக வெட்டவெளியில் தக்காளி விற்கிறவள். புருஷனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததால் முடி கொடுக்க வேண்டுதல்.

"தலைய காட்டறதுக்கு இன்னா தருவ?"

"பஸ் சார்ஜும் மத்தியான சாப்பாடும், பெரிம்மா."

"சாப்பாடு மலைமேலயே சும்மா போடறாங்கோ. நீ இன்னா புதுசா போடப்போற?"

அவள் கழுத்தோரம் வட்டவட்டமாகப் படை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ட்யூபை ஒரு வருஷமாகப் பூசுகிறாள். பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் இரண்டு பங்காக வருகிறது.

"இத பெரிய டாக்டருகிட்ட நானே காட்டறேன். அந்த ட்யூப மட்டும் தூக்கிப் போட்ருங்க. அப்புறம், மெஷின் வெக்கற வரைக்கும் சந்தனம் கூடாது."

"அப்படி வா வழிக்கு," என்றாள் பொன்னியம்மாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சொன்ன சொல் தவறாமல், மலையிறங்கி நேராக ஆராய்ச்சி அறைக்கு வந்தாள். முந்தானையால் மொட்டையை மூடியிருந்தாள். பின்னாலேயே புருஷன் ரங்கையா, கறுப்புக் கண்ணாடியும் கையில் சந்தனக் கிண்ணமுமாக.

"பஸ்ல ஒருத்தி கேக்கறா, சந்தனம் வாங்கக்கூட கதியில்லியான்னு," என்றார் ரங்கையா. "எனுக்கு மானம் போச்சு."

உச்சந்தலை முடிந்தது. குழந்தைத் தோல் போல எண் வந்தது. அடுத்தது நெற்றி. 'நெற்றியின் நடுப்பகுதி' என்று ஃபார்மில் அச்சடித்திருந்தது. அங்கே எட்டணா அகலத்துக்குக் குங்குமம்.

"பொட்ட எடுக்கணும், பெரிம்மா."

ரங்கையா எழுந்துவிட்டார். "ஏம்மா, கண்ணுதான் ஆபரேஷன் ஆச்சு. ஆளு செத்துட்டேன்னு நெனச்சிக்கினியா?"

"ரெண்டே நிமிஷம், பெரிப்பா."

"மொட்டத் தலை, பொட்டில்லாத நெத்தி! அத நான் வேற பாக்கணுமா?"

"யாரு உன்ன பாக்கச் சொன்னா? செவுத்துப் பக்கம் திரும்பிக்கோ," என்றாள் பொன்னியம்மாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததும் குங்குமம் போய் வெளுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. தரணி அதன்மேல் மெஷினை வைத்தாள். ஏறக்குறைய உச்சந்தலையின் எண்ணே வந்தது. மற்ற பதினோரு பேருக்கும் இப்படித்தான். பெண்களின் நெற்றி வெயிலுக்கு அசைவதில்லை, எல்லாம் ஹார்மோன் வேலை என்று ஹேமநாத் ஐதராபாத் கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கமே அனுப்பிவிட்டார்.

"பாத்தீங்களா? இத்தன வருஷம் வெயில்ல குந்தியும் உங்க நெத்தி கொழந்த நெத்தி."

அழுகின தக்காளியைப் பொறுக்கி எடுத்து நீட்டும் கிராக்கியைப் பார்ப்பதுபோல் பொன்னியம்மாள் அவளைப் பார்த்தாள். "அங்க எங்கம்மா வெயில் பட்டுது? சின்ன வயசுலேர்ந்து மூடி வெச்சிக்கீறேன். பக்கத்துல வெச்சுப் பாரு."

தரணி இரண்டு விரல் தள்ளி வைத்தாள். எண் இரண்டு மடங்காக ஏறியது. இன்னொரு பக்கம் வைத்தாள். அங்கேயும் அதுதான்.

பதினோரு பெண்களுக்கும் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, பத்திரமாக மேஜை ஓரத்தில் ஒட்டிவைத்து, வேலை முடிந்ததும் திருப்பி ஒட்டிவிட்டவள் அவளேதான். ஒருமுறைகூட உறைக்கவில்லை.

ஹேமநாத்துக்குப் போன் போட்டாள்.

"பன்னெண்டும் முடிஞ்சுதா? வெரி குட்மா."

"முடிஞ்சுது சார். பன்னெண்டும் தப்பு." விஷயத்தைச் சொன்னாள்.

"பொட்டா? ஃபார்ம்ல பொட்டுன்னு எங்கம்மா இருக்கு?"

"ஃபார்ம்ல இல்ல சார், நெத்தியில இருக்கு."

"சுருக்கம் போயாச்சு, தரணி. இத யார் கேக்கப் போறாங்க?"

"தக்காளி விக்கற அம்மாவே கேட்டுட்டாங்க சார்."

"நாளைக்கு மெஷின் போவுது. உன்னால முடிஞ்சா திருப்பி எடு. இல்லன்னா இருக்கறத வெச்சு எழுதுவோம்," என்று வைத்துவிட்டார்.

உச்சந்தலை எண்கள் சரியானவை. நெற்றியைப் பொட்டுக்குப் பக்கத்தில் மறுபடி எடுத்தால் போதும். பதினோரு பேர், பதினோரு ஊர், ஒரு நாள்.

"திரும்பலாமா?" என்றார் ரங்கையா, சுவரைப் பார்த்தபடி.

"இரு, குங்குமத்த வெச்சிக்கறேன்," என்றாள் பொன்னியம்மாள்.

தரணி பட்டியலின் முதல் நம்பரை அடித்தாள். குப்பம் ஊர்ப் பத்மினி.

"மறுபடி மொட்டையாம்மா? இப்பத்தான் காதுவரைக்கும் வந்துக்கீது."

"முடி வேணாங்க்கா. நெத்தி மட்டும். நாளைக்கு நாலு மணிக்குள்ள வரணும்."

"நாளைக்கு வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழமையில பொட்ட எடுக்கச் சொல்றியா?"

"பொட்டு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல பாத்தா போதும்."

"பக்கத்துல பாத்தா போதும்னா, அன்னிக்கே பக்கத்துல பாத்திருக்க வேண்டியதுதான?"

தரணி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமாங்க்கா. என் தப்புதான். வரீங்களா?"

"நான் ஒண்டியா வரமாட்டேன். மருமகளையும் கூட்டிக்கினு வருவேன். ரெண்டு பேருக்கும் சார்ஜ் குடுப்பியா?"

"குடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது நம்பரை அடித்தாள். கார்வேட்டிநகரத்துக்காரி. அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.