நாற்பது கிலோ மணல்

இரண்டு கரிய கோடுகள், பட்டறை வாசலின் சிமென்ட் தரையில் நேராகத் தொடங்கி, நாலடிக்குள் மனம் மாறியதுபோல் இடப்பக்கம் வளைந்து, சுற்றுச்சுவரில் பெயர்ந்த செங்கல்வரை போய் நிற்கின்றன, ரப்பர் கருகிய நெடி இன்னும் இருக்கிறது, அல்லது அது நினைவின் நெடியோ என்னவோ, நாச்சிமுத்து அண்ணன் தானே கட்டிய பந்தயக் காரை முதன்முதலாகக் கிளப்பிச் சுவரில் மோதியது சித்திரையில், இப்போது ஐப்பசி, இடையில் எத்தனையோ முறை தரையைக் கழுவியாகிவிட்டது. மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்த குழாய்ச் சட்டத்தை அவரும் வெல்டர் அந்தோணியும் மாதக்கணக்கில் பூட்டினார்கள், எங்கோ நொறுங்கிய பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை முன்னால் உட்காரவைத்தார்கள், மொத்தமே ஐந்நூற்று இருபது கிலோ, அதில் முந்நூறு முன்சக்கரங்களின் மேல், எஞ்சின் சுழற்றுவதோ பின்சக்கரங்களை, அழுத்திப் பிடிக்கப் பாரமில்லாத சக்கரம் தரையைக் கவ்வாமல் நின்ற இடத்திலேயே சுழலும், வால் ஒரு பக்கம் ஓடும், எருமை மூச்சு, ஆட்டுக்குட்டி ஒடம்பு, என்பார் அந்தோணி. அந்தப் பட்டறையில் வரைபடம் போடுகிறவள் நான். அம்மிணி, நீதான் சாயங்காலமானா காலேஜுக்கு ஓடறியே, இதுக்கொரு கணக்கப் போடு பாக்கலாம், என்றார் அண்ணன், போட்டேன், ஒருமுறைக்கு நான்குமுறை சரிபார்த்தும் நம்பாமல்தான் போட்டேன், பின் ஸ்பிரிங்கை இளக்கச் சொன்னேன், டயர்க் காற்றைக் குறைக்கச் சொன்னேன்.

எடை பார்க்கும் நாளில் அண்ணன் காருக்கடியில் படுத்து ஸ்பிரிங்கைத் திருகவேண்டும், அதனால் அவர் உடம்புக்குப் பதிலாக நாற்பது கிலோ மணல் மூட்டை இரண்டை இருக்கையில் ஏற்றுவது எங்கள் வழக்கம், முடிந்ததும் இறக்குவது என் வேலை, நோட்டில் சரிபார்த்து டிக் போடவேண்டிய பதினோரு வரிகள், கடைசி வரி மூட்டை இறக்கியது, அன்று ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் வகுப்பு போய்விடும், மூட்டையைத் தொடுமுன்பே பதினோராவது வரிக்கும் டிக் போட்டுவிட்டு ஒரு மூட்டையை இறக்கினேன், மற்றதை இருக்கைக்குப் பின்னால் தள்ளினேன், பிறகு, பிறகு பஸ்ஸின் ஜன்னல்தான் ஞாபகமிருக்கிறது, இறக்கினேனா என்று வகுப்பில் நோட்டைத் திறந்து பார்த்தேன், டிக் இருந்தது, என் கையெழுத்தை நான் நம்பினேன். மறுநாள் பந்தயத் தடத்தில் ஒத்திகை, கார் ஒட்டிக்கொண்டதுபோல் வளைவுகளில் போகிறது, வால் அசையவில்லை, அண்ணன் இறங்கி வந்து, கணக்குன்னா இது கணக்கு, என்கிறார், அந்தோணி எனக்கு முட்டை பப்ஸ் வாங்கித் தருகிறார், அன்று தூக்கத்தில் அந்தக் கார் ஆளில்லாமல் ஓடுகிறது, இருக்கையில் ஹெல்மெட் மாட்டிய சாக்கு ஒன்று என்னைத் திரும்பிப் பார்க்கிறது. சனிக்கிழமை காரைக் கழுவுகையில் பின்னாலிருந்த தார்ப்பாயைத் தூக்கினேன், மூட்டை படுத்திருந்தது, பின்சக்கரங்களுக்கு நேர் மேலே, வாலைப் பிடித்து வைத்திருந்தது அதுதான், என் கணக்கல்ல, யாரும் பார்க்கவில்லை, இறக்கி மூலையில் வைத்தேன், சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

ஞாயிறு பந்தயம், தூறல், ஒவ்வொரு காராகத் தனியே விடுகிறார்கள், எடை பார்த்து முத்திரை வைத்தாயிற்று, இனி ஒரு துரும்பைக்கூட ஏற்றமுடியாது, அண்ணன் இருக்கையில் பெல்ட்டை இறுக்குகிறார், ஒத்திகையில் பிடித்த கார் இன்றும் பிடிக்கும் என்று நம்பி முதல் வளைவில் காலை அழுத்துவார், அங்கே செங்கல் சுவரல்ல, கான்கிரீட், குனிந்தேன், அண்ணா, ஒண்ணு சொல்லோணும், அன்னிக்கு வால் ஆடாம இருந்தது நான் போட்ட கணக்கால இல்லீங்ணா, ஒரு மூட்டை பின்னாலயே கெடந்துச்சு, நேத்துத்தான் எறக்குனேன். நேத்தே தெரியுமா. தெரியும். நேத்தே சொல்லியிருந்தா அதையே பெல்ட்டப் போட்டுக் கட்டி எடைக்குக் காட்டியிருப்பனே கண்ணு. அந்தோணி வானத்தைப் பார்த்து, அப்ப பப்ஸ மணலுக்கில்ல வாங்கிக் குடுத்திருக்கோணும், என்றார், யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கப்போனவர் நிறுத்தி, மத்த டிக்கெல்லாம் எப்படி, என்றார். மற்ற பத்தும் பார்த்துப் போட்டதா, ஒவ்வொரு நட்டாக மனதுக்குள் தொட்டுப் பார்க்கிறேன், பாத்துட்டுத்தானுங்ணா போட்டேன், என்கிறேன். சரி, அத நம்பித்தான் போறேன், என்றார்.

இரண்டாவது கியரில், தூங்கும் குழந்தையைக் கட்டிலிலிருந்து தூக்குகிறவர் மாதிரி எடுத்தார், எஞ்சின் உறுமக்கூட இல்லை, பின்னால் நின்றவர்களில் ஒருவன், என்னங்க, பால்காரர் வண்டியா, என்றான், அன்று பதினான்கு பேரில் அவர் பதிமூன்றாவது, அதெல்லாம் பிறகு. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது தரையைத்தான், ஈரத் தாரின்மேல் டயர் தண்ணீரை விலக்கிய இரண்டு கோடுகள், கருப்பில்லை, வெளிறியவை, நேராகத் தொடங்கி, நாலடியிலும் நேராக, நாற்பதடியிலும் நேராக, வளைவு கேட்ட இடத்தில் மட்டும் வளைந்து, நோட்டை எடுத்து எழுதுவதற்குள் தூறல் அவற்றை மூடிக்கொண்டிருந்தது.