முப்பது நாள் மாத்திரை

"பக்கத்து நிலையத்துல ஒரே ஒரு நர்ஸ், நாளைக்கு அறுபது பேரைப் பாக்குறாங்க. இங்க ரெண்டு பேர் சேர்ந்து இருபது. அப்ப ஒரு ஆள் அதிகம்தானே?"

சுகாதார நிலையங்களின் திறனை அளக்க வந்த அதிகாரி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்த நிலையம் பச்சை, இது சிவப்பு. ஒரு மாதத்தில் நிறம் மாறாவிட்டால் சின்ன சிஸ்டரின் வேலை போய்விடும். அவள் ஊசித் தட்டைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

"பிரஷருக்கு அங்க எத்தனை நாள் மாத்திரை கொடுக்குறாங்க, சார்?" என்றார் பெரிய சிஸ்டர்.

"மூணு நாளைக்கு."

"அப்ப ஒரே ஆள் மாசத்துல பத்து தடவை வரணும். உங்க கணக்குல பத்து ஆள். நாங்க முப்பது நாளைக்கும் சேர்த்துக் கொடுத்துடுறோம். எங்களுக்கு ஒரு ஆள் ஒரு ஆள்தான்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அதைத்தாம்மா சொல்ல வர்றேன். நீங்களும் மூணு நாளாக்குங்க. இந்தப் பொண்ணு வேலையும் தப்பிச்சிடும்."

பெஞ்சில் இருந்த தையல்காரம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "வாரத்துக்கு ரெண்டு தரம் கடையை மூடிட்டு இங்க வந்து உக்காரவா? அதுக்கு மாத்திரையே வேணாம்னு இருந்துடுவேன்."

"இருந்துட்டா ஒருநாள் கை கால் இழுத்துக்கும்," என்றார் பெரிய சிஸ்டர். "பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. அங்கயும் ஒரு ஆள் கூடும். அதுவும் உங்களுக்குப் பச்சைதானே, சார்?"

அதிகாரி படிவத்தை நீட்டினார். 'மேம்பாட்டுத் திட்டம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. பெரிய சிஸ்டர் பேனாவை எடுத்தார், எழுத வரவில்லை. வாய் கிழியப் பேசியாயிற்று. போகப்போவது அவருடைய வேலை இல்லையே.

சின்ன சிஸ்டர் வந்து பேனாவைப் பிடுங்கினாள். 'இங்கே முப்பது நாள் மாத்திரை ஒரே தடவையில் கொடுக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"ஏய், உன் வேலைடி!"

"அதனாலதான் நான் எழுதுறேன், அக்கா. நீங்க எழுதினா என்னைப் பலி கொடுத்த மாதிரி இருக்கும்."

பெரிய சிஸ்டர் அதற்குக் கீழேயே தன் கையெழுத்தைப் போட்டார்.

"இதை அப்படியே மேல அனுப்பிடுவேன்," என்றார் அதிகாரி.

"அனுப்புங்க, சார். எழுத்து தெரியுதா, இன்னும் பெருசா எழுதித் தரவா?" என்றாள் சின்னவள். படிவத்தை அவர் கையில் கொடுத்தாள். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "தையல்காரம்மா, வாங்க. பிரஷர் பாக்கணும், கையை நீட்டுங்க."