வெள்ளையாய் விட்ட தெருக்கள்

கல்லூரி வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்ததும் மிருதுளா நின்றுவிட்டாள். மேலே அவளுடைய போட்டோ. ஐந்து வருஷத்துக்கு முன்னால், பிஎச்டி சேர்வதற்காக சேலையூர் ஸ்டூடியோவில் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு எடுத்தது. அதற்குக் கீழே கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெரியவர் தலையில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இரண்டுக்கும் நடுவில் கொட்டை எழுத்தில் 'வெள்ளத்தை வெல்லும் கணக்கு'. சீ, என்ன ஜென்மங்களோ என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் ரத்தினம் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று பீடியை அவசரமாக அணைத்தார்.

மாதாமாதம் கடைசிச் சனிக்கிழமை 'எல்லாருக்கும் கணக்கு' என்று ஒரு கூட்டம் நடக்கும். கணிதத் துறையில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் தங்கள் வேலையை இருபது நிமிஷத்தில், ஃபார்முலா ஒன்றுகூட எழுதாமல், ரோட்டில் போகிறவருக்கும் புரிகிற மாதிரி பேச வேண்டும். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. முதல் கூட்டத்தில் ஸ்ரீவித்யா முடிச்சுகளைப் பற்றிப் பேசினாள். வந்திருந்த பதினேழு பேரும் கயிறும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்புறம்தான் ஏதோ ஒரு அறக்கட்டளைக்காரர்கள் கூட்டத்துக்கு ஆதரவு தருகிறோம் என்று வந்தார்கள். துறைப் பேராசிரியர் தோத்தாத்ரி சார் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 'ஊருக்கு என்ன பயன்' என்று கடைசியில் ஒரு படம் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார். இன்றைக்கு மிருதுளாவின் முறை.

மிருதுளாவின் ஆராய்ச்சியைச் சொல்வது கஷ்டமில்லை. முடிவே இல்லாத ஒரு வலை. அதன் ஒவ்வொரு இழைக்கும் காசு சுண்ட வேண்டும். தலை விழுந்தால் இழை இருக்கட்டும், பூ விழுந்தால் அறுத்துவிடு. மிச்சமிருக்கும் வலையில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க ஒரு வழி கிடைக்குமா? அவ்வளவுதான் கேள்வி. அதிலும் அவள் நிரூபித்தது பதினொரு பரிமாணத்திலும் அதற்கு மேலும்தான் செல்லும். நீளம், அகலம், உயரம் என்று மூன்றோடு முடிந்துபோகும், பெருமழைக்கு மூழ்கும் பக்கத்து முடிச்சூருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆனால் இந்தத் துறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். 'துளைகள் நிறைந்த கல்லில் தண்ணீர் இறங்குவதை எண்ணிப் பாருங்கள்' என்று கட்டுரையின் முதல் வரியில் எழுதுவார்கள். இரண்டாவது வரியில் கல்லையும் தண்ணீரையும் கைகழுவிவிடுவார்கள். அந்தக் கல்லை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாரும் எழுதுகிறார்களே என்று அவளும் பேச்சுச் சுருக்கத்தில் அதையே எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுடைய கைடு தோத்தாத்ரி சார்தான். ஐந்து வருஷம் கூட இருந்த மனிதர். அவர் படித்தது அந்த முதல் வரியை மட்டும்தான் என்பது போஸ்டரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், வெள்ளம்னு போட்டிருக்கீங்க. நம்ம வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே."

"தண்ணின்னு நீதானேம்மா எழுதின?" அவர் கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியைப் படிய வைத்துக்கொண்டிருந்தார்.

"அது சும்மா முதல் வரி சார். எல்லாரும் எழுதறது."

"அப்ப சும்மா கடைசிப் படமும் ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். உன் ஜூனியர் ஷ்யாம்சுந்தர்கிட்ட சொல்லிச் சேர்த்துட்டேன். முடிச்சூர், வரதராஜபுரத்துலேர்ந்தெல்லாம் ஜனங்க வந்திருக்காங்க, ட்ரஸ்ட்காரங்க முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. எதையாவது சொல்லிக் கெடுத்துடாதே. திங்கட்கிழமை உன் சினாப்சிஸ்ல கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன்."

எட்டு மாதமாக அவர் மேஜை டிராயரில் தூங்குகிறது அந்த சினாப்சிஸ். அதில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கொடுத்தால்தான் ஜனவரியில் பெங்களூரில் கிடைத்திருக்கும் வேலை. இல்லையென்றால் அதற்கு நாமம்தான். தெரிந்துதான் சொல்கிறார். அவர் மேல் வந்த அருவருப்பைவிட, "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த தன் மேல் வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஹாலில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் பத்து நிமிஷம் எல்லாம் மறந்து போய்விட்டது. ஆளுக்கொரு காசு கொடுத்துச் சுண்டச் சொன்னாள். பூ விழுந்தவர்கள் பக்கத்து ஆளின் கையை விட்டுவிட வேண்டும், தலை விழுந்தவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே சிரிப்பு, கூச்சல். பின் வரிசையிலிருந்து முன் வரிசை வரைக்கும் அறுபடாமல் ஒரு சங்கிலி வந்து சேர்ந்தபோது ஆட்டோக்காரர் ஒருவர் விசிலடித்தார். இதற்காகத்தானே கணக்குப் படித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் கடைசிப் படம் வந்தது. அது முடிச்சூர் வரைபடம். தெருப் பெயர் ஒன்று விடாமல் இருக்கிறது. அதன் மேல் அவளுடைய நீலப் புள்ளிகள். ஒரு மத்தியானம் சும்மா கம்ப்யூட்டரைக் காசு சுண்ட வைத்து எடுத்து, ஷ்யாம்சுந்தருக்கு அனுப்பிய படம். பாவி, அதைத் தூக்கி அப்படியே ஊர் மேல் ஒட்டியிருக்கிறான். புள்ளி விழுந்த தெரு நீலம், விழாத தெரு வெள்ளை. மடமடவென்று எல்லார் கையிலும் செல்போன் எழுந்தது. மிருதுளா தோத்தாத்ரி சாரைப் பார்த்தாள். அவர் புன்னகையோடு, ம், மேலே போ என்பதுபோல் தலையசைத்தார். "இது ஒரு மாதிரிப் படம். வருங்காலத்துல உதவலாம்" என்று அவள் வாய் சொல்லியது. கைதட்டல் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

டீ மேஜையருகே ஒரு அம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள். பெயர் செல்லம்மா என்றாள். ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை.

"யம்மா, எங்க தெரு வெள்ளையா கீது. கோயிலாண்ட ரெண்டாவது தெரு, நல்லா பாத்துட்டேன். அப்போ இந்த வருசம் தண்ணி வராது, இல்ல?"

மிருதுளா பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "என் வூட்டுக்காரரு படுத்த படுக்கையா கீறாரு. போன தபா நாலு பேரு நாற்காலில வச்சு தூக்கினு போனாங்கோ. பாதி வழில தண்ணிக்குள்ள வுட்டுட்டாங்கோ. இப்போ மாடி வூடு ஒண்ணு காலியா கீது. சாய்ங்காலத்துக்குள்ள பதில் சொல்லுன்றாரு ஓனரு. என் வூட்டுக்காரரு, திரும்பத் தூக்குவாங்கன்னு மாடின்னாலே அழுவுறாரு, ஒரே பேஜாரா கீது. வேணான்னு சொல்லிடட்டா?"

மிருதுளா டீயைக் கீழே வைத்தாள்.

"அந்தப் படம் பொய்ம்மா."

"இன்னாது?"

"கம்ப்யூட்டர் காசு சுண்டிப் போட்ட புள்ளிம்மா அது. உங்க தெரு எதுன்னு அதுக்குத் தெரியாது. இன்னொரு தடவ போட்டா உங்க தெரு நீலமாயிடும். மாடி வீட்டை விட்டுடாதீங்க."

செல்லம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "அத அங்கியே மைக்ல சொல்றதுக்கு இன்னா?"

மிருதுளா மேடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அல்லாரும் போட்டோ புடிச்சினு போறாங்களே."

மேடையில் தோத்தாத்ரி சாருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். மிருதுளா ஏறிப்போய், "சார், மைக் குடுங்க. படம் தப்புன்னு சொல்லணும்" என்றாள்.

அவர் சிரிப்பு மாறாமல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "பாதிப் பேர் போயாச்சு. யாருக்குச் சொல்லப் போறே? அதெல்லாம் நாளைக்கே மறந்துடுவாங்க. இங்க வா, போட்டோவுக்கு நில்லு."

அவள் தோளில் கை போட்டு காமெராப் பக்கம் திருப்பினார். பொன்னாடை அவள் கன்னத்தில் உரசியது. உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. கையைத் தட்டிவிட்டாள். பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தது. "மிருதுளா, திங்கட்கிழமை..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வாசலில் பைக்குகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக மறித்தாள். அந்தப் படத்தை நம்பாதீங்க, அழிச்சிடுங்க என்றாள். சிலர் தலையாட்டினார்கள், சிலர் ஹாரனடித்தார்கள். விசிலடித்த ஆட்டோக்காரர் செல்போன் படத்தை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். "எங்க தெரு வெள்ளைம்மா. உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அவர் போனதும் கையெழுத்து, பெங்களூர் எல்லாம் அவளுக்கு ஒரு முறை ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியை நோக்கி ஓடினாள்.

ஒரு ஷேர் ஆட்டோ நிறைந்துபோய் நின்றது. அதற்குள்ளிருந்து செல்லம்மா நகர்ந்து இடம் விட்டாள். "ஏறு. இங்க நின்னு கத்தினு இருந்தா எவன் கேப்பான்? அல்லாம் நம்ம ஏரியாதான், வந்து சொல்லு."

ஏறினாள். வண்டி கேம்ப் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போக, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி, முதலிலிருந்து சொன்னாள். வலை, காசு, புள்ளி. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

"அதெல்லாம் சரி, படிச்ச பொண்ணு நீயே சொல்லு. தண்ணி வருமா வராதா?" என்றார் எதிரில் இருந்தவர்.

"தெரியாதுண்ணா. எனக்குத் தெரியாது."

அவர் உச்சுக்கொட்டிவிட்டுத் தன் செல்போனை நீட்டினார். "எங்க அழிக்கணும்னு எனக்குத் தெரியல. நீயே அழி." அவள் அழித்துக் கொடுத்தாள். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நீட்டினார். அதற்குள் அவளுடைய செல்போன் அடித்தது. தோத்தாத்ரி சார். எடுக்கவில்லை. வண்டி தாம்பரம் பாலத்தில் ஏறிற்று. மேற்கே வானம் கருத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதாக, ஓரத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடம் கையை நீட்டினாள். அந்தப் பெண் செல்போனைக் குழந்தைக்கும் மாருக்கும் நடுவில் செருகிக்கொண்டு, வெளியே திரும்பி ரயில் போவதைப் பார்க்க ஆரம்பித்தாள்.