மோல்டுக்குத் தண்ணீர்

மோல்டு போட்டு எழுபத்தெட்டு மணி நேரம் ஆனபோது கோர்ட் அமீனா வந்து கேட்டில் உத்தரவை ஒட்டினார்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு நேர் எதிரே, மோல்டு என்று நாங்கள் சொல்லும் கூரைக் கான்கிரீட் வரைக்கும் எழும்பி நின்றது எங்கள் சொந்த வீடு. கட்டிக்கொண்டிருந்தவர் அசோகன் மாமா, அம்மாவின் தம்பி. கம்பியைக் குறைத்துவிட்டார் என்று அப்பா மோல்டு போட்ட மறுநாளே வேறு மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மாமா கோர்ட்டுக்குப் போனார். சண்டை வந்தால் நடுவர் தீர்ப்பார் என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தது. அந்த நடுவர் வந்து முடிவு சொல்லும்வரை இரண்டு தரப்பிலும் யாரும் உள்ளே நுழையக்கூடாது, இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்றது உத்தரவு.

"பாலசுப்ரமணியன் வூட்டுக்குள்ள பாலசுப்ரமணியன் போகக்கூடாதாம்" என்றார் அப்பா. "உன் தம்பி வாங்கிக் குடுத்த வரம்."

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றொன்பது ஏப்ரல். அந்த வருடம் வெயில் பெங்களூருக்குப் பழக்கமில்லாத வெயில். மோல்டின் மேல் சேற்றால் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாக நிறுத்தியிருந்த தண்ணீர் அன்று சாயங்காலமே வற்றிவிட்டது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். வீட்டில் அதனால் யாருக்கும் உபயோகம் இருந்ததில்லை. சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் இறுகும். இந்த இரண்டு வாரம் ஈரம் இல்லாவிட்டால் வெடிப்பு விடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் சேராது.

"வெடிக்கட்டும்" என்றார் அப்பா. "வெடிச்சா கேஸ் நமக்குத்தான்."

அம்மா தெருமுனை பூத்திலிருந்து மாமாவுக்குப் போன் செய்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். மாமாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "உன் புருஷன ஊத்தச் சொல்லுக்கா. உத்தரவ மீறினான்னு உள்ள தள்றேன்."

எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியுமுன் தண்ணீர் வரும். அந்த வாரம் டிரம் நிறையவே இல்லை. "மூணு பேருக்கு ஒரு பக்கெட்டா? தண்ணிய என்னதான் பண்றீங்க?" என்று அப்பா குளியலறையிலிருந்து கத்தினார். அடுத்த தண்ணீர் நாளில் நான் சீக்கிரம் எழுந்து வாசலுக்கு வந்தேன். எதிரே எங்கள் புது வீட்டுப் படியில், இடுப்பில் குடத்துடன், கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரத்தைக் காலால் தடவித் தடவி அம்மா ஏறிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"நீ பாக்கல" என்றாள்.

உத்தரவு வந்து பன்னிரண்டாம் நாள், வீட்டின் நிலையைப் பார்த்து எழுத கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்தார். இளம் வக்கீல், ஷூவைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். அவர் பின்னால் அப்பா, மாமா, மாமாவின் மேஸ்திரி சிரில், நான். வெடிப்பை அளந்து எழுத வந்தவர் நின்றுவிட்டார். பாத்திகளில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர், அதில் மேகம்.

"நீரு ஹாகித்து யாரு?" என்றார். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில், "யார் தண்ணி ஊத்தினது?"

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாமாவின் ஆள் நுழைந்தது நிரூபணமானால் உத்தரவு உடைந்துவிடும், புது மேஸ்திரியை வைத்து வீட்டை முடித்துவிடலாம் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார்.

"இந்த ஆளுதான் சார்" என்று சிரிலைக் காட்டினார். "ராத்திரி கேட்டு ஏறிக் குதிச்சான். என் கண்ணால பாத்தேன்."

"ஏசு சத்தியமா நான் வர்ல சார்!"

"மச்சான், பொய் சொன்னா நாக்கு அழுகிடும்" என்றார் அசோகன் மாமா. "ஊத்தினது நீ. ஊத்திட்டு என் ஆள் மேல போடுற."

"உன் கம்பிக்கு நான் ஊத்துவனா? துரு புடிச்ச கம்பிக்கு?"

கமிஷனர் எழுத ஆரம்பித்தார். "கண்ணால பாத்தேன்னு சொன்னா எழுதிடுவேன். அப்புறம் இவர் ஜெயிலுக்குக்கூடப் போகலாம். யோசிச்சு சொல்லுங்க."

"எழுதுங்க."

கமிஷனர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எதிர்ல இருக்கிறவங்க. பாத்தீங்களாம்மா?"

சிரில் என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நான் பாத்தியில் கிடந்த மேகத்தைப் பார்த்தேன்.

மாமாவை நோக்கி ஓரடி வைத்த அப்பாவின் செருப்பு வரப்பில் பட்டது. சேறு உடைந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓட ஆரம்பித்தது. யாரும் கவனிக்கவில்லை.

அம்மா எப்போது ஏறி வந்தாள் என்று தெரியவில்லை. எங்களைத் தாண்டிப் போய்க் குந்தினாள். மூலையில் ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்த சேற்றை, தேடாமல், ஒரு கை அள்ளி உடைப்பில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் நின்றது. கையைச் சேலையில் துடைக்காமலே எழுந்தாள்.

"அவர் யாரையும் பாக்கல சார்" என்றாள். "ஊத்தினது நான்."