கப்பல்தான் வசதி

எனக்கு விமானம் என்றால் பயம். ஐம்பத்தெட்டு வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாயால் சொல்ல இதைவிடக் கூச்சப்பட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

மகள் வைஜயந்தி வாக்கப்பட்டிருப்பது யாழ்ப்பாணத்தில். கோயம்புத்தூரில் கூடப் படித்த பையன், தங்கமானவன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஏழாம் மாதம் அழைத்துவர இருந்தோம். ரத்த அழுத்தம் ஏறி நிற்கிறது, அசையவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். "அம்மா நேரத்துக்கு என் பக்கத்துல இருந்தாப் போதும்ப்பா" என்றாள் மகள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

போக எங்களுக்குத் தோதாக இரண்டு வழி. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் காங்கேசன்துறை. அங்கிருந்து மகள் வீடு கூப்பிடு தூரம். இல்லையென்றால் மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, ரோட்டில் எட்டு மணி நேரம். எனக்கு ஆகாதது அந்த எட்டு மணி நேரம் அல்ல, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம். ஆனால் பழியை ரோட்டின் மேல் போட்டேன்.

"கப்பல்தான் வசதி. லேகியம், பத்தியச் சாமான் எல்லாம் கொண்டு போலாம். கொழும்புல எறங்கி அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல குலுங்கணுமா?"

என் மனைவி பங்கஜவல்லி பிறக்கப்போகும் பிள்ளைக்கான வெள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டே, "எது சீக்கிரம் போவுதோ அதுல போவோம்" என்றாள்.

மாதம் நெருங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு எடுத்தேன். முதல்நாள் சாயங்காலம் போனில் செய்தி: கடல் சீற்றம், பயணம் ரத்து. திங்கட்கிழமைக்கு மாற்றினேன். அதுவும் ரத்து. ஒவ்வொரு தடவையும் பங்கஜவல்லி கட்டிய பெட்டியைப் பிரித்து, லேகிய டப்பாவை வெளியே எடுத்துவைத்தாள். பக்கத்து வீட்டு இந்து, வியாழக்கிழமை மதுரை விமானத்தில் இடம் இருக்கிறது என்று வந்து சொன்னாள்.

"வியாழக்கெழம தெக்கே சூலம். கொழும்பு தெக்கேதான இருக்கு?" என்றேன்.

"அப்ப திங்கக்கெழம கெழக்கே சூலமாச்சே, கப்பலுக்கு மட்டும் எப்படிச் சீட்டு எடுத்திய?" என்று கேட்டாள் பங்கஜவல்லி.

"கடலுக்குச் சூலம் கெடையாது" என்றேன். அப்படி எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அவள், "வேணுமின்னா நான் மட்டும் போறேன்" என்றாள். தனியாக விட மாட்டேன் என்று கத்தினேன். அக்கறை என்று அவள் நினைத்திருப்பாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராஜபாளையத்தில் நூல் மில்லில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. மெஷினைப் பார்க்காமல், அடுத்த கப்பல் எப்போது என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்க வெளியே வந்தால் அய்யனார் கோவில் மலைப் பக்கம் மேகம் கலைகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன்.

"ஏலே சுந்தரராஜா, மேக்கே மலையப் பாத்தா கெழக்க கடலு அடங்குமாலே? பேசாம பிளேன்ல போவியா" என்றான் கூட வேலை பார்க்கும் பால்சாமி. அவனிடமும் கொழும்பு ரோட்டைத்தான் குறை சொன்னேன். அந்த ரோட்டை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா, டாக்டர் சொன்ன திகதிக்குப் பன்ரெண்டு நாள் முந்தியே நோ தொடங்கிட்டுது. மாமியைத்தான் கேக்கிறா." 'நோ' என்றால் அவர்கள் ஊரில் பிரசவ வலி. பங்கஜவல்லி போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, வாசலுக்குப் போய் இந்துவைக் கூப்பிட்டாள்.

"இந்து, இன்னைக்கு மதுரையில ரெண்டு சீட்டு இருக்கான்னு பாரும்மா."

"ஒண்ணு போதும்" என்றேன்.

அவள் திரும்பினாள். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது போலும்.

"பயமா?"

தலையாட்டினேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தனியாவே போயிருப்பேனே. இந்நேரம் அவ பக்கத்துல இருந்திருப்பேனே!"

மதுரை விமான நிலையம் வரை கூடப் போனேன். உள்ளே போகும்போது பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பி, சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் மடவார் வளாகத்து வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம் என்றார் மாப்பிள்ளை. பங்கஜவல்லி அப்போதுதான் வழியில் வவுனியாவைத் தாண்டிக்கொண்டிருந்தாளாம். போனை மகளிடம் கொடுத்தார்.

"அம்மாவக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேம்ப்பா." குரலே எழும்பவில்லை அவளுக்கு. "அம்மா பஸ்ஸுல இருந்து பேசுனா. கப்பலு ஓடலையாமே. கடலு கொந்தளிச்சா நீங்க என்னப்பா செய்வீங்க? மனசப் போட்டு வருத்திக்காதீங்க."

பங்கஜவல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆமாம் தாயி, பாழாப்போன கடல் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"கடலச் சொல்லாத தாயி. பிளேனு போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் ஏறப் பயம். அத மறைச்சு உங்கம்மாவையும் போவ விடல."



"அம்மா வரட்டும்ப்பா. பொறவு பேசுறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.