ஜன்னலுக்கு உள்ளே முப்பது டிகிரி

தார் போடும் சாலையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என்ஜினியரின் அலுவலகம். உள்ளே ஏசி ஓடும். எதைச் சொன்னாலும் ஜன்னலைத் திறந்து, சொல்லி, உடனே மூடிவிடுவார். குளிர்ச்சி போய்விடுமாம். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் ஜன்னல் சார். அது அவருக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் மாநகராட்சி ஓர் உத்தரவு போட்டது. வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டால் நாலு மணி வரை வேலை கூடாது. அளந்து பார்க்க ஒரு வெப்பமானியும் வந்தது. புதுச் சாமான், வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று என்ஜினியர் அதைத் தன் நாற்காலிக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார். வஞ்சகம் ஒன்றும் இல்லை. சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் மனிதர், அவ்வளவுதான்.

ரோலர் ஓட்டுபவனின் மனைவி அங்கே ஜல்லி சுமந்தாள். ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு மேல் அவளுக்கு வியர்வை நின்றுபோயிற்று. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றாள். அவன் போய் ஜன்னலைத் தட்டி, கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்டான். என்ஜினியர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"முப்பதுதானய்யா காட்டுது. நாப்பது ஆனா நானே நிறுத்தச் சொல்ல மாட்டேனா?"

"உள்ள முப்பதுதான் சார் இருக்கும். தார் கொதிக்கிற எடத்துக்கு வந்து பாருங்க."

ஜன்னல் மூடிக்கொண்டது. என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள்.

"இன்னும் வெயிலே வரலியாம்."

அவள் சிரித்தாள். கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள்.

கொட்டகைக்குள் தூக்கி வந்து கிடத்தினார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. என்ஜினியர் தன் குடிதண்ணீரை அவள்மேல் ஊற்றி, அந்த உத்தரவு இருந்த ஃபைலாலேயே விசிறினார். அவள் கண் திறந்து கணவனைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா?"

வேலை செய்த இடத்தில் எவ்வளவு சூடு இருந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். முப்பது என்று சொல்ல என்ஜினியருக்கு வாய் வரவில்லை. தெரியாது என்றார். அவளுக்குக் கணவனை அடையாளம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. சிறுநீரகம் தேறுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் என்ஜினியர் வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். சாலையோரம் ஒரு கம்பு நட்டு, குடை கட்டி, அதன் கீழே மாட்டினார். பதினோரு மணிக்கே நாற்பத்து மூன்று. வேலையை நிறுத்தினார். சிறிது நேரத்தில் மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"யாரக் கேட்டுய்யா நிறுத்தின? இங்க என் ரூம்ல இருபத்தெட்டுதான் காட்டுது."

"நானும் அப்படி உள்ள உக்காந்துதான் சார் பாத்தேன். ஒரு பொம்பள சாகப் பொழைக்கக் கெடக்குறா. ஊருக்கு வெயில் திட்டம் போடுறவங்க, வெயில்ல நிக்கிறவங்க பக்கத்துல வந்துதான் சார் அளக்கணும். நிழல், தண்ணி, வேலை நேரம் எல்லாம் அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணணும். எனக்கு இங்க ஜன்னல்னு பேரு. உங்களுக்கும் அந்தப் பேரு வேண்டாம் சார். ஒரு தடவ வெளிய வாங்க."