வசனத்தில் இல்லாத பதில்

நாடகக் குழுவில் அவளுக்கு ஊமச்சி என்று பெயர். மேடையில் கணீரென்று பேசுவாள். இறங்கிவிட்டால் வாய்க்குப் பூட்டு. அவளுக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்தவள் கதாநாயகி வாயாடி. திடீரென்று வந்த ஒரு காய்ச்சல் வாயாடியைக் கொண்டுபோய்விட்டது.

சாவு வீட்டில் எல்லோரும் வாயாடியின் கணவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊமச்சி நாடகக்காரர்களோடு வாசலில் நின்றாள். மூன்று வருஷமாக அந்த உடம்பின் சூடு அறிந்தவள். எந்த உறவைச் சொல்லி மாரில் அடித்துக்கொள்வது? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அடுத்த மாதமே இயக்குநர் கூப்பிட்டார். "அவ வேஷத்தை நீதாம்மா கட்டணும். வசனமெல்லாம் உனக்குத் தண்ணிபட்ட பாடாச்சே."

தன் ஆசையைப் புருஷனிடம் வாய்விட்டுச் சொல்லும் ஒரு மனைவியின் கதை அது. உடுப்பு அறையில் வாயாடியின் நீலப் புடவையைப் பிரித்தபோது வியர்வையும் பவுடரும் கலந்த அதே வாசனை முகத்தில் அறைந்தது. ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுகையில் பிடரியில் மூச்சு பட்டது. திரும்பினாள். யாருமில்லை. ஒத்திகையில் வாயைத் திறந்தால் வாயாடி பேசும் அதே இழுப்பு வந்தது.

"அச்சு அசல் அவளேதான்டி. எனக்குப் புல்லரிக்குது," என்றாள் ஒப்பனைக்காரி.

 ஊமச்சி அப்படிப் பேச முயலவே இல்லை.

முதல் நாள் அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் வாயாடியின் கணவன். அவனுக்குப் பின்னால், ஊமச்சி யார் வீட்டில் ஒண்டியிருந்தாளோ அந்த அண்ணனும் அண்ணியும். கடைசிக் காட்சியில் புருஷனாக நடித்தவர் கேட்டார்: "யாரை நினைச்சு இப்படி உருகறே?"

'உங்களை நினைச்சுத்தான்' என்பது எழுதிவைத்த பதில். ஆனால் அவர் தோளுக்குப் பின்னால், திரையை ஒட்டி, வாயாடி நின்றிருந்தாள். சும்மா பார்த்துக்கொண்டு.

"அவளை நினைச்சு. செத்துப்போனாளே, அவளை."

நடிகர் பழம் தின்று கொட்டை போட்டவர். சுதாரித்துக்கொண்டார். "அவ உனக்கு யாரு?"

"ஊருக்கு சிநேகிதி. எனக்கு அவ பொண்டாட்டி, அவளுக்கு நான்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. இழவு வீட்டில் வராத அழுகை. மேடையென்றும் பாராமல் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒப்பனை அறைக் கதவில் வாயாடியின் கணவன் வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்றே நினைத்தாள்.

"நடிப்பு இல்லையே?"

"இல்லீங்க."

அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "அவ எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. ஒரு முழம் துணிகூட. ஆசையே இல்லாத பொம்பளைன்னு நினைச்சேன்." திரும்பிப் போனான்.

வீட்டில் அண்ணி அவளுடைய பெட்டியை வாசலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். "புள்ளைங்க இருக்கற வீடும்மா. மனசுல வச்சுக்காதே." அண்ணன் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

அரங்கத்துக்குப் பின்தெருவில் மாடியறை ஒன்று பிடித்தாள். இயக்குநர் அந்தப் பதிலை நாடகத்திலேயே வைத்துக்கொண்டார். பகலில் துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பது அவளுக்குத் தெரியும். இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை, பேசுகிறாள். ஓயாமல் பேசுகிறாள்.

ஒருநாள் பக்கத்து அறைக்காரி எட்டிப்பார்த்தாள். "தனியாத்தானே இருக்கீங்க? யாரோட பேச்சு?"

ஊமச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல இருக்கறவங்ககூடத்தான்."